மீசை மட்டும் ஒட்டுகிறது: எந்த போட்டோ பேப்பர் வாங்கலாம்?

மஞ்சக்குப்பத்துக்காரன்: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை வீட்டு இங்க் டேங்க் பிரிண்டரில் 4க்கு 6 அளவில் போடுகிறேன். மலிவான 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) கிளாஸி பேப்பர். பட்டுப்புடவை அப்படியே ஜொலிக்கிறது. அப்பாவின் மீசையைத் தொட்டால் மட்டும் விரலெல்லாம் மை! விலை கூடியதுதான் வாங்க வேண்டுமா?

முத்தியால்பேட்டை: பேப்பர் மேல் பழி போடாதீங்க அண்ணே. செட்டிங்கில் பேப்பர் வகை 'பிளெய்ன்' என்று இருக்கும், பாருங்கள். பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை, அதாவது கரையாத நுண்துகள் மை. கிளாஸி பூச்சுக்குள் இறங்காது. 'போட்டோ கிளாஸி' என்று மாற்றினால் மற்ற மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பைக் கொண்டுவரும்.

பழைய ஸ்டூடியோக்காரர்: ஆல்பத்துக்கு 180 போதும் தம்பி. ஃபிரேம் போடுவதற்கு மட்டும் 260 வாங்குங்கள். பிரித்த பாக்கெட்டை ஜிப் கவரில் வையுங்கள். நம்ம கடல்காற்றில் பேப்பர் அப்பளமாக நமத்துப்போகும்.

மஞ்சக்குப்பத்துக்காரன்: 'பிளெய்ன்'தான் இருந்தது! மாற்றினேன், மீசை காய்ந்துவிட்டது.