குஸ்கோ நகரில் எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம்?

கேள்வி (அஸ்தம்பட்டி, சேலம்)

வரும் ஜூன் மாதம் என் பெற்றோரைப் பெரு நாட்டின் குஸ்கோ நகருக்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். மச்சு பிச்சுவைப் பற்றியும் இன்கா அரசர்களின் சூரியக் கோயிலைப் பற்றியும் வேண்டிய அளவு படித்துவிட்டோம். சாப்பாட்டைப் பற்றித்தான் தெளிவு கிடைக்கவில்லை. அம்மா முட்டைகூடச் சேர்க்காத சைவம். அப்பாவும் நானும் அசைவம் சாப்பிடுவோம், மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம். வெளியூர்க்காரர் சேலத்துக்கு வந்தால் தட்டுவடை செட்டைச் சாப்பிடாமல் போகாதீர்கள் என்று நாம் சொல்வதைப்போல, அந்த ஊர்க்காரர்கள் தாங்களே விரும்பிச் சாப்பிடுவது எது, அது எந்தப் பகுதியில் எந்த நேரத்தில் கிடைக்கும் என்பதை அங்கே இருந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 (ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

வணக்கம். வேலை காரணமாகச் சில காலம் பெருவில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். குஸ்கோவில் உள்ளூர்க்காரர்களின் பெரிய சாப்பாடு மதியச் சாப்பாடுதான். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை சிறு உணவகங்கள் அன்றைய சமையலைப் பலகையில் எழுதி வாசலில் வைத்திருக்கும். ஒரு சூப்பும் சோறோடு ஒரு கறியும் ஒரு பானமும் சேர்த்து ஒரே விலை. நடுச் சதுக்கமான பிளாசா தே அர்மாஸைச் சுற்றியுள்ள மாடி உணவகங்களில் காட்சிக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். இரண்டு மூன்று தெரு தள்ளி நடந்தால் விலையும் குறையும், பக்கத்து மேசையில் அந்த ஊர்க் குடும்பங்களும் இருக்கும்.

தவறவிடக் கூடாத இடம் சான் பெத்ரோ சந்தை. சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில், அதே பெயருள்ள ரயில் நிலையத்தின் அருகே இருக்கிறது. உள்ளே பழச்சாறு விற்கும் பெண்கள் உயரமான மேடைகளில் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். நம் சீத்தாப்பழத்துக்கு உறவான சிரிமோயா, பேஷன் ஃப்ரூட், பப்பாளி என்று எதைக் கேட்டாலும் கண்ணெதிரே வெட்டி அரைத்துத் தருவார்கள். கோப்பையைக் குடித்து முடித்ததும் மிக்ஸியில் மீந்திருப்பதைக் கொசுறாக ஊற்றுவார்கள். அதே கூரையின்கீழ் சூப் கடைகளும், பக்கத்து ஊரான ஒரோபேசாவில் சுட்டு வரும் பெரிய வட்ட ரொட்டிகளும் உண்டு.

'கூய்' எனப்படும் கினிப்பன்றி (பன்றி அல்ல, எலி இனத்தைப்போன்ற சிறு கொறிவிலங்கு) அங்கே விருந்துச் சாப்பாடு. மார்கோஸ் சபாத்தா என்ற உள்ளூர் ஓவியர் வரைந்து பேராலயத்தில் இன்றும் இருக்கும் இயேசுவின் கடைசி இராவுணவு ஓவியத்தில், தட்டில் கிடப்பது அதுவே என்பார்கள். அப்பா விரும்பினால் நகருக்குள் வாங்குவதைவிடத் தென்கிழக்குச் சாலையில் திப்போன் என்ற ஊருக்குப் போய்ச் சாப்பிடுவது மேல், ஏனெனில் அந்த ஊரின் பெயரே அந்தச் சமையலுக்காகத்தான் விளங்குகிறது. அதில் மனம் ஒப்பாதவர்களுக்கு 'ட்ரூச்சா' என்னும் ஆற்று மீன் எங்கும் கிடைக்கும்.

பதில் 2 (அம்மாபேட்டை, சேலம்)

மேலே எழுதிய ஐயா சொன்ன சந்தை அருமையான இடம்தான். ஆனால் அம்மாவை அங்கே அழைத்துச் சென்று, காய்கறி சூப்தானே என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சகோதரரே. கினோவா சூப்பில் கண்ணுக்குத் தெரிவது தானியமும் உருளைக்கிழங்கும்தான்; அது கொதித்தது பெரும்பாலும் கோழிச் சாற்றில். மேலும், அங்கே இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் பலர் மாட்டிறைச்சி வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு கோழியைப் போட்டுவிடுவார்கள். ஆகவே ஸ்பானிய மொழியில் 'சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ, சின் வேவோ, சின் கால்டோ' என்று ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையிலேயே வைத்துவிடுங்கள். இறைச்சி, கோழி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு ஆகிய ஐந்தும் அதில் அடங்கிவிடும். சோளமாவை இலையில் பொதிந்து வேகவைக்கும் தமாலிலும் சில ரொட்டிகளிலும் பன்றிக்கொழுப்பு சேர்வதுண்டு என்பதால் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

எதைச் சாப்பிடலாம் என்றால், பெரிய மணிகள் கொண்ட சோளக்கதிரை வேகவைத்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு தருவார்கள். அது தெருவிலேயே கிடைக்கும். பட்டை அவரையும் உருளைக்கிழங்கும் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்யும் 'கப்ச்சி' குஸ்கோவுக்கே உரிய சமையல், வாய்க்கு மிகவும் இதமாக இருக்கும். மேசைமேல் வைக்கும் 'உச்சுகுட்டா' துவையலைக் கட்டாயம் சுவைத்துப் பாருங்கள். மிளகாயும் ஒரு மணமுள்ள மூலிகையும் சேர்த்து அரைப்பார்கள். நிலக்கடலை சேர்ப்பவர்களும் உண்டு. அந்த ஊரின் ரொக்கோட்டோ மிளகாய் குட்டித் தக்காளிபோல உருண்டிருக்கும், விதைகள் கறுப்பாக இருக்கும், காரமோ நம்மைத் தலைகுனிய வைத்துவிடும். தனிச் சைவ, நனிசைவ உணவகங்கள் வேண்டுமானால் சான் பிளாஸ் மேட்டுத் தெருக்களில் தேடுங்கள். ஏற்றம் கடுமையானது என்பதால் பெரியவர்களை டாக்சியில் மேலே அனுப்பிவிட்டு, சாப்பிட்டபின் இறங்கி நடக்கலாம்.

பதில் 3 (ஏற்காடு, காப்பித் தோட்டம்)

உயரத்தைப் பற்றி இதுவரை யாரும் சொல்லவில்லை. நம் ஏற்காடு கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். குஸ்கோ ஏறக்குறைய 3,400 மீட்டர். முதல் நாளே சந்தைக்கும் விருந்துக்கும் போவதை நான் ஏற்கமாட்டேன். மலைமேல் செரிமானம் மந்தமாகும். முதல் இரண்டு நாள் சூப், சோறு, வெந்நீர் என்று அளவாகச் சாப்பிட்டு, மதுவைத் தொடாமல் இருப்பதே நல்லது. முடிந்தால் விமான நிலையத்திலிருந்து நேராக உருபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கி அங்கே தங்குங்கள், அது 2,900 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. புறப்படும் முன் பெற்றோரை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விடுதிகளில் கோக்கா இலைத் தேநீர் கொடுப்பார்கள். கொக்கெயின் எடுக்கப்படுவது இந்த இலையிலிருந்துதான். அங்கே அது சட்டப்படி சரியானது. இந்தியாவிலோ 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் அந்த இலையே தடைசெய்யப்பட்டது. ஆகவே நினைவுப் பொருளாக ஒரு பொட்டலம்கூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. புதினா வாசம் வீசும் 'முன்யா' தேநீர் வயிற்றுக்கு இதமானது, அதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கருஞ்சிவப்புச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்போடு கொதிக்கவைத்து ஆறவைக்கும் 'சிச்சா மொராதா'வில் மது கிடையாது, அம்மா தாராளமாகக் குடிக்கலாம். 'சிச்சா தே ஹோரா' வேறு. முளைகட்டிய சோளத்தை நொதிக்கவைத்த கள் அது. பள்ளத்தாக்கின் ஊர்களில் நீண்ட கழியில் சிவப்புப் பை கட்டிய வீடு தெரிந்தால் அங்கே அது விற்கிறது என்று பொருள். முதல் சில துளிகளைப் பூமித்தாய்க்கென்று தரையில் ஊற்றிவிட்டுத்தான் குடிப்பார்கள். புகழ்பெற்ற 'பிஸ்கோ சவர்' மதுவில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்கிறது என்பதை அப்பாவிடமும் சொல்லிவையுங்கள்.

காப்பிக்காரன் என்பதால் இதையும் எழுதுகிறேன். குஸ்கோவுக்கு வடக்கே, மலை இறங்கும் கில்யபம்பா பகுதியில் அரபிகா விளைகிறது. நடுச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள சிறு காப்பிக்கடைகளில் அதைக் கேட்டு வாங்குங்கள். பாலோ சிக்கரியோ இல்லாமல், வடித்த கறுப்புக் காப்பியாக ஒரு கோப்பை குடித்தால்தான் அந்த மண்ணின் புளிப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரியும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதலில் பள்ளத்தாக்கில் தங்குவதாகத் திட்டத்தை மாற்றிவிட்டோம். அம்மாவுக்காகச் சிறிய குக்கரை எடுத்துச் செல்லலாமா? கத்தோலிக்கரின் கார்ப்பஸ் கிறிஸ்டி திருவிழா நாளில் நாங்கள் நகருக்குள் இருப்போம். அன்று ஏதேனும் தனிச் சமையல் உண்டா?

பதில் 1 (ஃபேர்லேண்ட்ஸ், சேலம்)

சமைக்க வசதியுள்ள அறையாக இருந்தால் குக்கரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் ஆகும். திருவிழாவுக்கு முந்தைய நாளே 15 திருவுருவங்கள் ஊர்வலமாகப் பேராலயத்துக்கு வந்துவிடும்; திருவிழா அன்று அவை நடுச் சதுக்கத்தைச் சுற்றி வலம் வரும். அந்நாளின் உணவு 'சிரி உச்சு': கூய், கோழி, உப்புக்கண்டம், தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், கடற்பாசி, மீன்சினை எல்லாவற்றையும் ஒரே தட்டில் அடுக்கி ஆறிய நிலையில் தருவார்கள். மலையும் கடற்கரையும் ஸ்பானியர் கொண்டுவந்ததும் ஒன்றுசேரும் தட்டு அது. சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் கடைகள் போட்டிருப்பார்கள். உப்புக்கண்டமும் தொத்திறைச்சியும் எந்த இறைச்சி என்று கேட்டுவிட்டு, வேண்டாததை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒரு தட்டு இருவருக்குத் தாராளம்.