பெரியம்மாவுக்குக் கேட்டடோனியாவா (பேச்சும் அசைவும் நின்னு உடம்பு உறைஞ்ச மாதிரி ஆகிற நிலை)? வேலூர்ப் பக்கத்து ஆளுங்க சொல்லுங்க

குடியாத்தத்துல இருக்கிற என் பெரியம்மாவுக்கு 74 வயசு. போன வாரத்துலேருந்து பேச்சே இல்லை. ஊட்டின கஞ்சி வாயிலேயே நிக்குது. ரத்தக்கொதிப்பு பார்க்கத் தூக்கின கை, பட்டையைக் கழற்றின பிறகும் அந்தரத்துலேயே இருக்கு. 'வயசான மறதி'ன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. மறதி நோய் ஒரே வாரத்துல ஆளை இப்படி முடக்குமா என்ன?

நர்சிங் படிக்கிற தங்கச்சிக்குக் கேட்டடோனியாவோன்னு சந்தேகம். லோராசெபம்ங்கிற பதற்றம் குறைக்கிற மருந்தைக் கொடுத்தா பலர் சீக்கிரம் தெளிவாங்களாம். மனநோய்க்குக் கொடுக்கிற ஹாலோபெரிடால் மாதிரி மருந்து நிலைமையை மோசமாக்கலாமாம். தொற்று இருக்கா, ரத்தத்துல சோடியம் உப்பு குறைஞ்சிருக்கான்னும் பார்க்கணுமாம்.

இன்னைக்கே கிளம்புறோம். தண்ணிகூட சரியா இறங்கலை. பாகாயம் சி.எம்.சி. மனநலப் பிரிவா, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவா, முதல்ல எங்கே? கை நிக்கிறதை செல்போன்ல வீடியோ எடுத்திருக்கேன், டாக்டர் பார்ப்பாங்களா? வீட்டுப் பெரியவங்களுக்கு இப்படி வந்து பார்த்தவங்க இருந்தா உடனே சொல்லுங்க.