மறு: குதிக்கும் நேரலை எழுத்து: ஒரு சொல் வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

பேச்சைக் கேட்டு உடனுக்குடன் எழுத்தாகக் காட்டும் செயலியின் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். 40 மடல்கள் ஆகியும் 'ஃபிளிக்கர்', அதாவது திரையில் வந்த எழுத்து மாறி மாறிக் குதிப்பது, மட்டும் தமிழ்ச் சொல் இல்லாமல் அப்படியே நிற்கிறது.

> உரையலமரல். 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி' என்பது தொல்காப்பியம்.

ஐயா, தொல்காப்பியத்தின் உரியியலை நானும் விரும்பிப் படித்தவன். ஆனால் இங்கே எதுவும் சுழலவில்லை. போன வாரம் வேதியியல் வகுப்பில், காது கேளாத மாணவி ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கைப்பேசியைப் பார்த்தேன். 'அமிலத்தில் தண்ணீரை ஊற்ற' என்று எழுத்து வந்தது. அடுத்த நொடி 'ஊற்றக் கூடாது' என்றானது. அந்தக் 'கூடாது' வரியில் இடம் கொள்ளாமல் கீழே இறங்க, மேல் வரிகள் எல்லாம் நகர்ந்தன. விட்ட இடத்தை அவள் தேடிப் பிடிப்பதற்குள் ஆசிரியர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். வினை கடைசியில் வரும் மொழி நம்முடையது. எதிர்மறையும் அங்கேதான் வந்து ஒட்டுகிறது. பாதி கேட்டு ஊகித்ததைப் பொறி திருத்தும்போது நமக்குப் பொருளே தலைகீழாகிவிடுகிறது.

> சிமிட்டல் போதாதா?

டியூப்லைட்தான் நினைவுக்கு வரும், அம்மா. கூகுள் ஆய்வாளர்கள் 2023இல் இந்தத் தொல்லையை அளந்தது திரையின் ஒளிர்வு மாற்றத்தை வைத்துத்தான். அந்த அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் படிப்பவளைப் படுத்துவது ஒளி அல்ல, கண் பதிந்த சொல் இடம் மாறிப்போவது.

'தாவல்' எனக்கும் பிடித்திருந்தது. உலாவியின் 'டேப்' அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

என் பரிந்துரை 'எழுத்துத் தளும்பல்'. நிறைகுடம் தளும்பாது, பாதி கேட்ட பொறிதான் தளும்புகிறது. எதிர்ச்சொல் 'நிலைப்பு'. தளும்பு, ததும்பு இரண்டுக்கும் வேர் ஒன்றா என்பதைத் தனி இழையில் பேசுவோம், எனக்கும் அதில் ஆசை உண்டு.

அந்த மாணவியிடம் இந்தச் சொற்களை எழுதிக் காட்டினேன். அவள் எதையும் தொடாமல், 'எழுத்து குதிக்கிறது' என்று கீழே எழுதினாள். கடைசிச் சொல் உறுதியாகும்வரை பிடித்துவைத்து, வந்த வரியைக் கலைக்காமல் காட்டுவதுதான் ஃபிளிக்கரைத் தடுக்கும் அமைப்பின் வேலை. சிறிது தாமதம் ஆகும். அதனால் பக்கத்தில் 'எழுத்து குதிக்காமல் காட்டு' என்றே போட்டிருக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் தளும்பல், ஐந்து பேர் ஆதரவுடன். அலமரலை விடமாட்டேன் என்ற ஐயாவின் மறுப்பையும் அதன் பக்கத்திலேயே குறித்திருக்கிறேன்.