வகுப்பறையில் கொள்கைத் திணிப்பு: ஆசிரியர் வாயை அடைத்தால் தீருமா?

கதிர்நிலவன்:
என் நிலைப்பாட்டை நேராகவே வைக்கிறேன். சர்ச்சையில் இருக்கும் அரசியல் விஷயங்களில் ஆசிரியர் தன் சொந்தக் கருத்தை வகுப்பில் சொல்லக் கூடாது, அதற்கு விதி வேண்டும். இங்கிலாந்தும் வேல்ஸும் பின்பற்றும் 1996 கல்விச் சட்டத்தின் 406ஆம் பிரிவு, எந்தப் பாடத்திலும் ஒருசார்பான அரசியல் கருத்தைப் பரப்புவதைத் தடுக்கிறது. அரசியல் பிரச்சினை பாடத்தில் வந்தால் எதிரெதிர் நிலைப்பாடுகளைச் சமநிலையோடு வைக்க வேண்டும் என்கிறது 407. மதிப்பெண் போடும் கையும் கருத்துச் சொல்லும் வாயும் ஒரே ஆளுடையவை. அந்தக் கருத்தை மாணவர் சுதந்திரமாக எடைபோடுவார் என்று நம்ப முடியாது.

யாழ்மொழி:
அந்தச் சட்டம் தடுப்பது பரப்புவதை. கேட்ட மாணவருக்கு ஆசிரியர் தன் கருத்தைச் சொல்வதே குற்றம் என்று 406 எங்கும் சொல்லவில்லை.

ஆசிரியரின் மௌனத்தை நடுநிலை என்று நம்பிச் செய்த முயற்சியும் உண்டு. கல்வியாளர் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1967இல் இங்கிலாந்தில் தொடங்கிய பாடத்திட்டத்தில், சர்ச்சையான தலைப்புகளில் ஆசிரியர் நடுவராக மட்டும் இருப்பார், தன் அதிகாரத்தைக் கொண்டு எந்தப் பக்கத்துக்கும் வலு சேர்க்க மாட்டார். ஆனால் மேசைமேல் எந்த ஆவணங்களை வைப்பது, எந்த மாணவரைத் தொடர்ந்து பேசவிடுவது என்பதை முடிவு செய்வது அந்த நடுவர்தானே? சார்பு வாயிலிருந்து தேர்ந்தெடுக்கும் கைக்கு இடம் மாறுகிறது. அங்கே அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம்.

பாடநூலிலும் இதே கதைதான். "கூட்டத்தின் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது" என்பதற்கும் "காவலர்கள் கூட்டத்தைச் சுட்டனர்" என்பதற்கும் இடையில் நூலாசிரியரின் கருத்து ஒரு சொல்கூட இல்லை. முதல் வாக்கியத்தில் சுட்டவர் காணாமல் போய்விட்டார், அவ்வளவுதான்.

கதிர்நிலவன்:
பாடநூல் அச்சில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம். ஓர் அத்தியாயத்தை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார், வினை யார்மேல் விழுகிறது, செய்தவர் மறைக்கப்பட்டிருக்கிறாரா, அடைமொழி என்ன என்று அட்டவணையில் நான்கு நெடுவரிசைகளாகக் குறித்தால் போதும். எதிரெதிர்ச் சார்புள்ள இருவர் தனித்தனியே குறித்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஒருவரே செய்தால் தனக்குப் பழகிய சார்பு கண்ணில் படாது. படங்களின் கீழுள்ள குறிப்புகளையும் பயிற்சி வினாக்களையும் விடக் கூடாது. நான்கு சுவருக்குள் பேசிய பேச்சுக்கு இப்படி ஒரு சோதனை கிடையாது. என் கவலை அதுதான்.

யாழ்மொழி:
சோதனை முறையை ஏற்கிறேன். ஆனால் பேச்சைவிட ஆழமாகப் பதிவது விடைத்தாள் திருத்தம், அதற்கும் சோதனை உண்டு. ஒரே வினாவுக்கு இரண்டு விடை எழுதுங்கள். நீளம், சான்றுகளின் எண்ணிக்கை, மொழித்தரம் மூன்றும் சமமாக இருக்கட்டும், முடிவு மட்டும் நேரெதிர். பெயரில்லாமல் விடைத்தாள் கட்டில் இரண்டையும் தள்ளித்தள்ளிச் செருகி, பல திருத்துநர்களிடம் கொடுங்கள். 10 மதிப்பெண் வினாவில் ஒரே திசையில் 2 மதிப்பெண் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் பிரச்சினை பெரும்பாலும் விடைக்குறிப்பில் இருக்கும். மாதிரி விடையிலேயே முடிவை எழுதிவைத்து, அதற்கும் மதிப்பெண் ஒதுக்கியிருப்பார்கள். மாணவர் அதை மோப்பம் பிடித்துவிடுவார். ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் "எதை எழுதினால் மதிப்பெண் வரும்" என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும்.

சான்றுக்கு 4, எதிர்வாதத்தை நேர்மையாக எடுத்துச் சொன்னதற்கு 3, தருக்கத்துக்கு 3, முடிவுக்கு 0 என்று பிரித்தால் கொள்கைத் திணிப்பின் வலுவான கருவி பறிபோகும்.

பொன்வண்டு:
இருவரும் 'சமநிலை' என்ற இடத்தைத் தாண்டிப் போகிறீர்கள். எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம், ஆளுக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் அதுவும் ஒருவகைத் திணிப்பு. ஜெர்மனியில் 1976இல் பாய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த அரசியல் கல்வியாளர்கள் கூடினார்கள். அங்கே உருவான உடன்பாடு சட்டம் அல்ல, ஆனாலும் ஜெர்மன் அரசியல் கல்விக்கு இன்றும் அடித்தளம். அதன் விதிகள் மூன்று. மாணவர் தானாகத் தீர்ப்புச் சொல்லவிடாமல் அவரை ஒரு கருத்துக்குள் அமுக்கக் கூடாது. அறிவுத்துறையிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வர வேண்டும். தன் நலன் எங்கே இருக்கிறது என்று மாணவர் ஆராயக் கற்க வேண்டும். இரண்டாவது விதியைத் திருப்பிப் படியுங்கள்: சர்ச்சை இல்லாததைச் சர்ச்சையாகக் காட்டவும் அது இடம் தரவில்லை.

கதிர்நிலவன்:
எது சர்ச்சை, எது முடிந்த விஷயம் என்று யார் முடிவு செய்வது? ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் உடன்பாடானதெல்லாம் 'முடிந்த விஷயம்' ஆகிவிடும். திணிப்பு உள்ளே நுழையும் வாசலே இதுதான்.

பொன்வண்டு:
நியாயமான அச்சம். அதனால்தான் தலைப்பை மொத்தமாக முத்திரை குத்தாமல் வினாவாக உடைக்க வேண்டும். 'புவி வெப்பமாதலுக்கு மனிதச் செயல் முக்கியக் காரணமா?' என்பதற்குச் சான்று விடை தந்துவிட்டது. 'கரிம வரி போடலாமா, அணுமின்சாரத்தைக் கூட்டலாமா?' என்பதில் செலவு, நீதி, ஆபத்து பற்றிய மதிப்பீடுகள் மோதுகின்றன, அதைத் திறந்தே வைக்க வேண்டும். 2007இல் அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் புவி வெப்பமாதல் பற்றிய ஆவணப்படத்தை அரசு பள்ளிகளுக்கு அனுப்பியதை எதிர்த்து லண்டனில் நடந்த வழக்கில் நீதிபதி இதைத்தான் செய்தார். படத்தின் மைய அறிவியல் பெருமளவு சரி என்றார். ஒன்பது இடங்களில் அது அறிவியல் ஒருமித்த கருத்திலிருந்து விலகுகிறது என்று குறித்தார். படத்துக்குத் தடை இல்லை, ஆசிரியருக்கான வழிகாட்டிக் குறிப்போடு காட்டலாம் என்று முடித்தார். சமநிலை என்பதைச் சம நேரமாக அல்லாமல், நியாயமாகவும் உணர்ச்சிவசப்படாமலும் முன்வைப்பதாகவே அவர் வாசித்தார்.

கதிர்நிலவன்:
வினாவாக உடைப்பதை ஏற்கிறேன். கருத்துச் சொல்லக் கூடாது என்பதை விடமாட்டேன். சிறு வகுப்புகளிலாவது அது கட்டாயம் வேண்டும்.

யாழ்மொழி:
சிறு வகுப்புகளுக்குச் சரி. மேல்நிலையில், விவாதம் முடிந்த பிறகு, மாணவர் கேட்டால் மட்டும், காரணங்களோடும் அந்தக் காரணங்களுக்கு உள்ள வலுவான மறுப்போடும் சொல்லட்டும். உங்கள் விதி வந்தால் முதலில் நடக்கப்போவது என்ன? கைப்பேசியில் பதிவான பதினைந்து விநாடிப் பேச்சு புகாராகும். எதிர்த்தரப்பு வாதத்தை விளக்க அவர் பேசிய வரியே அவர் கருத்தாகச் சுற்றும். அடுத்த ஆசிரியர் அந்தப் பாடத்தையே தொடாமல் கடந்துவிடுவார். புகாரை விசாரிப்பவர் அந்த அலகு முழுவதன் பாடக்குறிப்பு, கொடுத்த வாசிப்புத் தாள்கள், கேட்ட வினாக்கள், திருத்திய விடைத்தாள்கள் நான்கையும் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையை உங்கள் விதியில் சேர்ப்பீர்களா?

கதிர்நிலவன்:
சேர்ப்பேன். விடைத்தாள்களைப் பெயர் மறைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள்.