‘இம்ப்யூட்’: சாட்டு என்றால் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘இம்ப்யூட்’ (impute) என்ற ஆங்கிலச் சொல், ஒன்றை ஒருவர் மேல் ஏற்றிச் சொல்வதைக் குறிப்பது. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது நம் குழுவில் ஒருவர் கேட்டது:

> ‘இம்ப்யூட்’ என்பதற்குச் ‘சாட்டு’ இருக்கவே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

சாட்டு பாதி இடங்களில்தான் பொருந்துகிறது, ஐயா. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 499-ஆம் பிரிவு அவதூறைப் பற்றியது. இப்போது அதன் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356-ஆம் பிரிவு. அங்கே வரும் ‘இம்ப்யூட்டேஷன்’ ஒருவருடைய நற்பெயரைக் கெடுக்கும் கூற்று. ‘சாட்டுரை’ அங்கே நன்றாகவே நிற்கும், நிற்கட்டும்.

ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 229-ஆம் பிரிவைப் பாருங்கள். முகவர் தம் அலுவலின்போது அறிந்துகொண்ட செய்தி, அவரை அமர்த்தியவரும் அறிந்ததற்குச் சமம். சட்ட நூல்கள் இதையும் இம்ப்யூட் என்றே சொல்கின்றன. ‘அறிவைச் சாட்டினார்கள்’ என்று நம்மில் யாராவது எழுதுவோமா? சாட்டுவதற்குக் குற்றம் வேண்டும். இங்கே குற்றமே இல்லை. ஒருவருடையது இன்னொருவர் பேரில் போய்ச் சேர்கிறது, அவ்வளவுதான்.

மூலத்துக்குப் போனால் வழி தெரிகிறது. லத்தீனில் ‘புத்தாரே’ என்றால் கணக்கிடுவது. நினைப்பது என்றும் பொருள். நம் ‘எண்ணு’ அச்சாக அப்படித்தானே? அதே புத்தாரேக்குக் கிளைகளைக் கழிப்பது என்ற பொருளும் உண்டு. நாமும் மரத்தில் கிளையைக் கழிக்கிறோம், கணக்கில் எண்ணைக் கழிக்கிறோம். தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே தடத்தில் நடந்திருப்பதைக் கண்டு நேற்று இரவு வெகுநேரம் மகிழ்ந்திருந்தேன். ‘இம்புத்தாரே’ என்பது ஒருவர் கணக்கில் எழுதுவது. கடன் அவர் பேரில் ஏறுகிறது. பழியும் பொறுப்பும் பிறகு அதே வழியில் ஏறின.

விவிலியத்தில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. ஒநேசிமு என்ற அடிமைக்காக அவனுடைய எசமானர் பிலேமோனுக்கு எழுதும் பவுல், அவன் கடன்பட்டது ஏதேனும் இருந்தால் ‘அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்’ என்கிறார். லத்தீன் விவிலியத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘இம்புத்தா’. நம் மொழிபெயர்ப்பாளர்கள் மளிகைக்கடையில் அன்றாடம் கேட்கும் பேச்சைக் கொண்டே அதைச் சொல்லிவிட்டார்கள்! அங்கே யாரும் யாரையும் சாட்டவில்லை. ஒருவர் தாமாகவே சுமையை ஏற்கிறார்.

ஆகவே என் முன்மொழிவு: கணக்கேற்று, கணக்கேற்றம். ‘முகவரின் அறிவு நிறுவனத்துக்குக் கணக்கேற்றப்பட்டது’ என்று எழுதிப் பார்த்தேன், இடறவில்லை. முதலில் ‘பேரேற்றம்’ என்று நினைத்தேன். பேரேட்டின் சாயல் அதில் அழகாக இருந்தது. ஆனால் ‘பெரிய ஏற்றம்’ என்று படித்துவிடுவார்கள் என்பதால் விட்டுவிட்டேன். ‘சார்த்து’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன். அதில் ஒன்றன்மேல் ஒன்றைச் சாய்த்து வைப்பதே கண்ணுக்கு வருகிறது, கணக்கு வரவில்லை.

புள்ளியியலில் விடுபட்ட விடைக்கு மதிப்பிட்டு ஓர் எண்ணை இடுவதற்கும் இதே ஆங்கிலச் சொல்தான். அங்கே பொறுப்பு என்ற பேச்சே இல்லை. அதற்குத் தனிச்சொல் தேடுவோம்.

சட்டத் தமிழில் பழகியவர்கள் தங்களிடமுள்ள தீர்ப்பு மொழிபெயர்ப்புகளில் ‘கணக்கேற்று’ என்பதை இட்டுப் பார்த்து, எந்த வாக்கியத்தில் முறிகிறது என்று எழுதுங்கள்.