நாலுமுக்குச் சோலையில் பார்த்த இந்தச் சிவப்பு உருண்டை காளானா, பூவா?

தேயிலைக்காட்டுப் பெண்:
பிறந்து வளர்ந்தது மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, இப்போது அம்பாசமுத்திரம். சின்ன வயதில் ஐப்பசி மழை விட்டதும் அம்மாவோடு விறகு பொறுக்கப் போவேன். பகலிலேயே இருட்டிக் கிடக்கிற சோலைக்குள், ஒரே ஒரு பெரிய மரத்தடியில் மட்டும், சருகைத் தள்ளிக்கொண்டு கொத்தாக ஒன்று தலைகாட்டும். இலை கிடையாது, பொட்டுப் பச்சை கிடையாது. கட்டைவிரல் தடிமனில் தண்டு, அதில் செதில் செதிலாக ஏதோ ஒட்டியிருக்கும், உச்சியில் கோழிமுட்டை மாதிரி சிவப்பு உருண்டை. தொட்டால் வெல்வெட் துணி. “விஷக்காளான், கையைக் கழுவுட்டி” என்பாள் அம்மா. ஆனால் பக்கத்திலேயே இன்னொன்றில் குட்டிக் குட்டிப் பூக்கள் விரிந்து எறும்பு மொய்த்துக் கிடக்கும். காளானில் ஏது பூ? யாருக்காவது தெரியுமா?

பொதிகை நடையன்:
அக்கா, அது பூக்கிற செடியேதான். பாலனோபோரா ஃபங்கோசா என்பது தாவரவியல் பெயர். காளான் போலிருப்பதால்தான் ஃபங்கோசா. பச்சையம் இல்லாததால் தானாகச் சோறு சமைக்க முடியாது, மர வேரில் ஒட்டி உறிஞ்சிப் பிழைக்கிறது. நீங்கள் பார்த்த செதில்கள்தான் அதன் இலைகள். நம் மலையில் இருக்கிற வகையில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பூ விரிந்து தெரிந்தது ஆண். வெல்வெட் உருண்டை பெண், அதன் மேல் ஆயிரக்கணக்கில் பூக்கள் உண்டு, ஒவ்வொன்றும் கடுகைவிடப் பல மடங்கு சிறியது, இதழே கிடையாது. பூக்கும் தாவரங்களிலேயே மிகச் சிறிய பூக்களில் அதுவும் ஒன்று. சும்மா பார்த்தால் தெரியாது, லென்ஸ் வேண்டும்.

தென்காசித் தோட்டம்:
அண்ணாச்சி, கிழங்கோடு தோண்டி வந்து வீட்டு மாமரத்தடியில் வைத்தால் பிடிக்குமா?

பொதிகை நடையன்:
பிடிக்கவே பிடிக்காது, தயவுசெய்து முயற்சியும் செய்யாதீர்கள். அந்தக் கிழங்கு செடியின் உடம்பு மட்டுமில்லை, மரவேரின் திசுவும் அதற்குள்ளேயே பின்னிக் கிடக்கும், வெட்டினால் செடிக்குச் சாவுதான். அப்புறம் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், ஒரு வேரைக்கூட எடுக்கச் சட்டம் விடாது. ஜாவாவில் இதன் உறவுக்காரச் செடி ஒன்றின் கிழங்கில் மெழுகு எடுத்து விளக்கெரித்திருக்கிறார்கள், அதனால் ஆசை புரிகிறது. இங்கே எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.
அக்கா, எந்த மரம் என்று ஞாபகம் இருக்கிறதா?

தேயிலைக்காட்டுப் பெண்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. எனக்கு ஞாபகமில்லை, அதனால் உடனே அம்மாவைக் கேட்டேன். மரத்தின் பெயர் அவளுக்கும் தெரியவில்லை. ஆனால் ஓடையைத் தாண்டி இடது கைப்பக்கம் மூன்றாவது மரம் என்கிறாள்.