தலைசுற்றலுக்குப் பயிற்சி: செய்தால் இன்னும் அதிகமாகச் சுற்றுகிறதே?

கேள்வி:
அம்மாவுக்கு உள்காது நரம்பில் அழற்சி. ஆரம்பத்தில் இருந்த வாந்தியும் கடும் சுற்றலும் நின்றுவிட்டன, ஆனால் தலையைச் சட்டென்று திருப்பினால் பார்வை ஆடுகிறது, நடக்கும்போது ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. சுவரில் ஒட்டிய ஓர் எழுத்தைப் பார்த்தபடி தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். அம்மாவோ இரண்டு தடவை ஆட்டிவிட்டு, சுற்றுகிறது என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுகிறார். வற்புறுத்தலாமா?

பதில் 1:
லேசாகச் சுற்றத்தான் செய்யும், அதற்காக நிறுத்த வேண்டாம். தலை அசைவைப் பற்றி ஒரு காதிலிருந்து வரும் தகவல் குறைந்துபோனதால் தலை திரும்பும் வேகத்துக்குக் கண்ணால் ஈடுகொடுக்க முடியவில்லை, எழுத்து வழுக்குகிறது. அந்த வழுக்கலை வைத்துத்தான் மூளை தன்னைத் திருத்திக்கொள்ளும், கண்ணை மூடிப் படுத்திருந்தால் திருத்த அதற்கு என்ன கிடைக்கும்? எழுத்து தெளிவாகத் தெரிகிற வேகத்திலேயே ஆட்டச் சொல்லுங்கள், முதலில் உட்கார்ந்து, பழகியதும் நின்றுகொண்டு, யாராவது பக்கத்தில் இருக்கட்டும். ஒரே மூச்சில் செய்யாமல் நாளில் சில முறை, கொஞ்சம் கொஞ்சமாக. நிறுத்திய பிறகும் சுற்றல் வெகுநேரம் அடங்கவில்லை என்றால் அளவு கூடிவிட்டது, குறைக்க வேண்டும்.

பதில் 2:
மாத்திரையையும் கவனியுங்கள். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற சுற்றலை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்குச் சரி, அதற்கப்புறமும் தொடர்ந்தால் மூளை பழகுவதைத் தாமதப்படுத்தலாம். ஆனால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

பதில் 3:
இடையில் என் சந்தேகம். எனக்குப் படுக்கையில் புரண்டால் மட்டும் சில விநாடிகள் சுற்றும், மற்றபடி ஒன்றுமில்லை. இதே பயிற்சி உதவுமா?

பதில் 1:
உங்களுடையது வேறு கதையாக இருக்கலாம். உள்காதில் இருக்கும் கால்சியம் துகள்கள் இடம் மாறி, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படித்தான் வரும். அதற்கு எழுத்துப் பயிற்சி இல்லை, தலையை வரிசையாகச் சில நிலைகளில் திருப்பித் துகள்களை வெளியேற்றும் எப்லி முறை. பலருக்கு ஓரிரு அமர்விலேயே சரியாகிவிடும். எந்தக் காது, எந்தக் குழாய் என்று, தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண் அசைவைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை போன்றவற்றால் முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அது தெரியாமல் வீடியோ பார்த்துத் தலையைத் திருப்புவது வீண் வேலை. கழுத்துப் பிரச்சினை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பதில் 2:
இருவருக்கும் ஒன்று: சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணுதல், கை கால் பலவீனம், திடீர் கடும் தலைவலி, நிற்கவே முடியாத நிலை, இவற்றில் எது வந்தாலும் பயிற்சியெல்லாம் அப்புறம், நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.